தண்ணீர் விடாத மூன்று நாட்கள்

எங்கள் வீட்டில் கீரையைக்கூட யாரும் சும்மா நம்பிவிட மாட்டார்கள். செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு ரயிலில் போகும்போது, குர்லா தாண்டி சயான் வருவதற்குள் தண்டவாளத்தை ஒட்டிப் பச்சைப் பசேலென்று பாத்தி பாத்தியாகக் கீரை தெரியும். என் மாமியார் ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டே வந்தவர், ஓர் ஆள் பக்கத்துக் கட்டரிலிருந்து சாக்கடைத் தண்ணீரை டப்பா டப்பாவாக மொண்டு அந்தப் பாத்திகளில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வாசலுக்குக் கீரை, காய் கொண்டுவரும் பாஜிக்காரன் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

“யே கஹாங்கா பாஜி?” என்று, எந்த ஊர்க் கீரை என்பதை, அவருக்குத் தெரிந்த ஒரே ஹிந்தி வாக்கியத்தில் கேட்பார்.

“நாசிக், மாஜி, நாசிக்” என்பான் அவன்.

மாமியார் கொத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். “நாசிக்காம் நாசிக்! சயான் கட்டர் வாசனை குப்புன்னு அடிக்கறது” என்று கூடையிலேயே திருப்பிப் போட்டுவிடுவார்.

அப்படித்தான் எங்கள் தோட்டம் பிறந்தது. தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் இருந்தது கீழ்த்தளம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அதற்குப் பின்னால் சின்ன வராந்தா, அதைத் தாண்டி காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஒரு துண்டு மண். பக்கத்துத் தபேலா எருமைக் கொட்டிலிலிருந்து சாணம் வாங்கி வந்து மாமியார் அந்த மண்ணை ஆளாக்கினார். வெண்டை, கத்திரி, தக்காளி, சுவரோரம் அவரை, வராந்தாத் தூணில் ஏற்றிவிட்ட குண்டுமல்லி, கனகாம்பரம், ஒரு கறிவேப்பிலைக் கன்று. பம்பாயில் பேருக்கு வந்துபோகும் குளிர் தை மாதத்தோடு விலகும். மாசி பிறந்ததும் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். அந்த இரண்டு மாதம்தான் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டாட்டம். அப்புறம் வெயில், அதற்கப்புறம் மழை வந்து எல்லாவற்றையும் சேறாக்கிவிடும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், மாமியார். மாமனார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். கணவருக்கு பாலார்ட் எஸ்டேட்டில் குமாஸ்தா வேலை. எனக்கு கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் ஸ்டெனோ வேலை. அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்களைப் போன்ற மாட்டுங்கா, செம்பூர் குடும்பங்களில் மாட்டுப்பெண் வேலைக்குப் போவது சகஜமாகியிருந்தது. சம்பளத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

செடிக்குத் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. காலையில் குழாயில் தண்ணீர் வரும்போதே பிடித்து வைத்து, அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் பால்டியில் சேர்த்து, ரயிலுக்கு ஓடுவதற்கு முன் ஒவ்வொரு செடிக்கும் சொம்பால் ஊற்றுவேன். மாமியார் வராந்தாவில் நின்று கண்காணிப்பார். பிஞ்சை நான் விரல் நீட்டிக் காட்டிவிடக்கூடாது. “கையை மடக்கிண்டு காட்டுடி, அழுகிடும்!” என்று கத்துவார். யார் கண்ணும் படக்கூடாதென்று சுண்ணாம்புப் பொட்டு வைத்த ஓட்டைப் பானையைக் கம்பில் கவிழ்த்து வைத்திருந்தார். அந்தப் பானை மாடி வீட்டு மாமியைப் பார்த்த வாக்கில் இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் நான் தண்ணீர் விடமாட்டேன். விடக்கூடாது. அந்த மூன்று நாளில் ஒரு பெண்ணின் நிழல் பட்டாலே மல்லிகை கருகும், கறிவேப்பிலை பட்டுப்போகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் பிறந்த வீட்டிலும் அதே சட்டம்தான், அதனால் நான் எதிர்த்துப் பேசியதில்லை. ஆபீசிலிருந்து வந்து முன்வாசலில் கால் வைக்காமல், பின்பக்கமாகச் சுற்றி வந்து, “அம்மா, நான் வெளியில” என்று குரல் கொடுக்க வேண்டும். தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். வராந்தாதான் என் இடம். செடிக்கும் எனக்கும் நடுவில் ஒரு பழைய பெஞ்சைக் குறுக்கே போட்டுவிடுவார் மாமியார். மறுநாள் காலை அந்த வராந்தாவிலிருந்தே எழுந்து ஆபீசுக்குப் போவேன். ரயிலில் நூறு பெண்களை இடித்துக்கொண்டு நிற்பேன். ஆபீசில் டைப் அடிப்பேன், ஃபைலைத் தொடுவேன், மேனேஜருக்கு டீ எடுத்துக் கொடுப்பேன். எதுவும் கருகியதில்லை. ஆனால் வீட்டுக் கத்திரிச்செடி மட்டும் கருகிவிடுமாம். அப்போது அதை யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அதுதான் ஆச்சரியம்.

அந்த மூன்று நாளும் மாமியாரே தண்ணீர் விடுவார். அவருக்கு அந்த வயதெல்லாம் தாண்டிவிட்டது.

இதில் இருந்த விபரீதம் எனக்குப் புரிய வெகு நாளாயிற்று. மாடி வீட்டு மாமியின் பால்கனி எங்கள் தோட்டத்துக்கு நேர் மேலே. தினமும் காலையில் பூஜைக்குப் பூ வேண்டுமென்று கயிற்றில் ஒரு சின்னக் கூடையைக் கட்டி இறக்குவாள். தண்ணீர் விட்டுக்கொண்டே நான் நாலு மல்லிகை, நாலு கனகாம்பரம் பறித்துப் போடுவேன். ஒருநாள் மாமியார் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த என் காதில் மேலிருந்து குரல் விழுந்தது.

“என்ன மாமி, இந்த மாசமும் நீங்கதான் ஜலம் விடறேளா?”

“ஆமாம், என்ன பண்றது” என்று மாமியார் பெருமூச்சு விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ‘இந்த மாசமும்’! அப்படியென்றால் போன மாசமும் கவனித்திருக்கிறாள். அதற்கு முந்தின மாசமும். யார் கையில் சொம்பு இருக்கிறதென்று பார்த்தால் போதும், நான் முழுகாமல் இருக்கிறேனா இல்லையா என்று மாடி மாமிக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரிந்தால் எதிர் பிளாக்குக்குத் தெரியும். என் வயிற்றுச் சமாசாரத்தைச் செடிக்கு விடும் தண்ணீரை வைத்து ஒரு காலனியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது எனக்கு. அன்று அவள் கூடை இறங்கியபோது, மாமியார் பார்க்காத நேரமாக, ஒரு வாடிய வெண்டைப் பூவை எடுத்துப் போடலாமா என்று கை பரபரத்தது. தொடக்கூடாத நாள் என்பதால் போடவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. பிற்பாடு பிறந்ததா என்று இந்த இடத்தில் உங்களுக்குக் கேட்கத் தோன்றும். சொல்லமாட்டேன். மாடி மாமியைப் பொறுத்துக்கொண்டதே எனக்குப் போதும்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம். அந்த மூன்று நாளில் ஒன்று. நான் வராந்தாவில் முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டு படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துச் சமையல்கட்டில் மாடி மாமியும் மாமியாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்ச நாள் பொறந்தாத்துக்கு அனுப்பி வையுங்கோ மாமி. நல்ல வைத்தியம் பாக்கச் சொல்லுங்கோ. கும்பகோணத்துல இல்லாத வைத்தியமா?”

“வேலைக்குப் போறாளே.”

“அதைத்தான் நானும் சொல்றேன். தினம் ரயில்ல இடிபட்டுண்டு போனா கர்ப்பம் எப்படித் தங்கும்? வேலை இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். வம்சம் வேண்டாமா?”

மாமியார் எதையோ நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “பங்குனி வரைக்கும் பாப்போம்” என்றார்.

‘கொஞ்ச நாள் பிறந்த வீடு’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எதிர் பிளாக்கில் ஒருத்தியை அப்படித்தான் வைத்தியத்துக்கென்று அனுப்பினார்கள். அவள் திரும்பவில்லை. அவளுடைய டிரங்குப் பெட்டிதான் பின்னாலேயே பார்சலில் போயிற்று. நான் போனால் வேலை போகும். வேலை போனால் என்னைத் திரும்பக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்ற அவசியம் யாருக்கு?

மாடி மாமிக்கு என் மேல் என்ன அக்கறை என்று யோசித்துப் பார்த்தேன். அவளுடைய அண்ணா பெண் ஒருத்தி மாட்டுங்காவில் கல்யாணத்துக்கு நின்றாள். மாமி அவளை அடிக்கடி அழைத்து வருவாள். வந்தால் நேரே எங்கள் தோட்டத்துக்குத்தான். “மாமா, அந்த உச்சாணியில இருக்கற பூ எட்டலை” என்பாள் அந்தப் பெண். என் கணவர் பனியனோடு எழுந்து போய்ப் பறித்துத் தருவார். சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு வெண்டைக்காய் பறித்துத் தந்த மனுஷர் இல்லை அவர். இரண்டாம் கல்யாணத்துக்குச் சட்டம் இடம் தராது என்று எனக்கும் தெரியும். ஆனால் சட்டம் எங்கள் வராந்தாவில் வந்து காவல் நிற்குமா?

மூன்று நாள் கழிந்து உள்ளே வந்ததும் கணவரிடம் கேட்டே விட்டேன். “ஏன்னா, அம்மா என்னை ஊருக்கு அனுப்பப் போறாளா?”

“சே, அம்மா அப்படியெல்லாம் நினைக்கமாட்டா. நீ ஒண்ணு” என்று பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அந்தக் காதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி அவருக்கு ரசத்தில் உப்பு போடவில்லை. அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

மாசி பிறந்தது. மல்லிகையில் முத்துக் கோத்த மாதிரி அரும்புகள். அவரைப் பந்தல் ஊதா நிறமாகப் பூத்திருந்தது. ஒரு நாள் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு நாள் வந்துவிட்டது. பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குழந்தைக்காக அழுதேனா, மாடி மாமியின் பால்கனியை நினைத்து அழுதேனா என்று தெரியாது. இரண்டும்தான்.

திரும்பி வரும் ரயிலில் முடிவு பண்ணிவிட்டேன். செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நேரே நடந்து முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனேன். குரல் கொடுக்கவில்லை. மாமியார் அடுப்படியிலிருந்து நிமிர்ந்து பார்த்து, “வந்துட்டியா, காபி கலக்கட்டுமா?” என்றார். இடி விழவில்லை. ஆனால் ஸ்வாமி அலமாரிப் பக்கம் மட்டும் நான் தலை வைத்துப் பார்க்கவில்லை. விளக்கேற்றுவது எப்போதும் மாமியார்தான், அதனால் அந்தச் சங்கடம் வரவில்லை.

மறுநாள் காலையில் பால்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கும்போது எந்தச் செடியிலும் படாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். நானும் நம்பினவள்தானே! பொய் சொல்லத் துணிந்துவிட்டேனே தவிர, செடி வாடிவிடும் என்ற பயம் உள்ளே அப்படியே இருந்தது. வாடினால் அதுவே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பூக்கூடை இறங்கியது. “என்னம்மா, ஆபீசுக்கு இன்னும் நாழியாகலையா?” என்றாள் மாமி மேலிருந்து. சொம்பு என் கையில் இருப்பதைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பூவைப் பறித்துப் போட்டேன்.

அடுத்த சில நாட்கள் நான் செடிகளைச் சந்தேகத்தோடு பார்த்த மாதிரி யாரும் திருடனைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடுவேன். கத்திரிச்செடியின் அடியில் ஓர் இலை மஞ்சளாகியிருந்தது. மாமியார் பார்ப்பதற்குள் அதைக் கிள்ளி இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் இன்னொரு இலை மஞ்சளாகுமென்று காத்திருந்தேன். ஆகவில்லை. அடியிலிருக்கும் கிழட்டு இலை என்றைக்கும் பழுக்கத்தான் பழுக்கும். அது அத்தனை நாளும் எனக்குத் தெரிந்த விஷயம்தான், பயத்தில் மறந்துபோயிற்று.

அந்த வருஷம் காய்த்தது போல எங்கள் தோட்டம் என்றைக்கும் காய்த்ததில்லை. கத்திரிக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. வெண்டைக்காய் பறிக்க ஒரு நாள் தவறினால் முற்றிப்போகும். மல்லிகையோ கேட்கவே வேண்டாம், சாயங்காலம் காலனிக்குள் நுழையும்போதே வாசனை தூக்கும். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். அப்படியானால் அந்தப் பெஞ்சு எதற்கு? அந்தத் தனித் தட்டு எதற்கு? கேட்கலாமென்றால் யாரிடம் கேட்பது? கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன்.

மாமியார் என் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் போகப்போகத்தான் தெரிந்தது. ஒருநாள் காலையில் பால்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“கனமா தூக்காதே. நான் கொண்டு வந்து வைக்கறேன், நீ மொண்டு மட்டும் விடு.”

அன்று சாயங்காலம் மல்லிகையைத் தொடுத்து, “வாடி இப்படி” என்று கூப்பிட்டுத் தன் கையாலேயே என் பின்னலில் வைத்தார். மூன்று வருஷத்தில் அவர் என் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப் போட்டார். “மேல இருக்கறவ கண்ணு பொல்லாதது” என்று முணுமுணுத்தார். நல்ல கத்திரிக்காயாகப் பொறுக்கி எனக்கென்று எண்ணெய்க் கறி பண்ணினார். கணவருக்குக்கூட முற்றல்தான்.

பாவமாக இருந்தது. இந்தப் பொம்மனாட்டியை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது. அதே சமயம் ஆத்திரமும் வந்தது. இந்தப் பிரியத்தை எல்லாம் இத்தனை நாள் எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்? நான் வெறும் நானாக வந்து நின்றபோது ஏன் எடுக்கவில்லை? சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். சொன்னால் கும்பகோணம். வாயை மூடிக்கொண்டேன்.

மாடி மாமிதான் இதில் சமாதானமாகவில்லை. கூடையை இறக்கும் சாக்கில் என்னை மேலும் கீழும் அளந்தாள். “என்னம்மா, வாந்தி கீந்தி உண்டா? புளிப்பு வேண்டியிருக்கா?” என்பாள். “ஒண்ணுமில்லை மாமி” என்பேன். “மொகத்துல ஒரு களையும் காணமே” என்று என் காதில் விழும்படியாகச் சொல்லிக்கொண்டு கயிற்றை இழுப்பாள். எங்கள் கொடியில் என்னென்ன துணி காய்கிறதென்று எட்டிப் பார்ப்பதை நானே இரண்டு தடவை பிடித்தேன். எனக்கு அவள் மேல் சந்தேகம், அவளுக்கு என் மேல் சந்தேகம். நடுவில் மாமியார் மட்டும், வாழ்நாளெல்லாம் யாரையும் நம்பாதவர், அந்த ஒரு மாதம் என்னை முழுசாக நம்பினார்.

பங்குனி பிறந்து சில நாளில் மறுபடியும் வந்துவிட்டது. வீட்டில் துணியை அலசினால் தெரிந்துவிடுமே! போன மாதம் செய்தது போலவே பழைய பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். குர்லா தாண்டி வாய்க்கால் பாலத்தின் மேல் வண்டி போகும்போது, லேடீஸ் கம்பார்ட்மெண்ட் வாசலில் நின்று வெளியே வீசினேன். வீசிவிட்டுத் திரும்பினால், உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடி மாமி நிற்கிறாள். அண்ணா வீட்டுக்குப் போகக் கிளம்பியிருக்கிறாள் போலிருக்கிறது.

“என்னடி அது?” என்றாள்.

“பழைய பேப்பர், மாமி.”

“ஓஹோ” என்றாள். அவள் இறங்கும் வரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்று முழுக்க டைப் அடித்ததில் பாதி தப்பு. வீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒன்றும் நடந்திருக்கவில்லை. மாமியார் வழக்கம்போலக் காபி கொடுத்தார். “நாளன்னிக்கு லேடி டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்டி, லீவு சொல்லிடு” என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கூடை இறங்கவில்லை. மாமியே இறங்கி வந்தாள். மாமியார் வராந்தாவில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“மாமி, நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்கப்படாது” என்று ஆரம்பித்தாள். “உங்க மாட்டுப்பொண் முழுகாம ஒண்ணும் இல்லை. நேத்திக்கு ரயில்லேர்ந்து பொட்டலம் கட்டி வீசறா, என் கண்ணால பாத்தேன். இப்பவும் தூரம்தான். அப்படியே செடிக்கு ஜலம் விட்டுண்டிருக்கா. கேளுங்கோ!”

மாமியார் கையிலிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தார். “நெஜமாடி?” என்றார்.

பொய் சொல்ல இன்னும் இடமிருந்தது. மாமிக்குச் சாட்சி யார்? ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. சொம்பும் கையுமாகத் திரும்பி நின்றேன்.

“நெஜம்தான். நேத்திக்கும் விட்டேன், இன்னிக்கும் விடறேன். போன மாசம் மூணு நாளும் விட்டேன். குழந்தையும் இல்லை, ஒண்ணும் இல்லை.”

“அட பகவானே!” என்று மாமி மார்பில் அடித்துக்கொண்டாள். “போன மாசம் இவ பறிச்சுப் போட்ட பூவையெல்லாம் நான் ஸ்வாமிக்குச் சாத்தினேனே!”

மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தார். “ஸ்வாமி ஏதாவது சொன்னாரா, மாமி?”

“என்ன?”

“இல்லை, மூணு நாளும் சாத்தியிருக்கேளே. ஏதாவது சொன்னாரான்னு கேட்டேன்.”

மாமி என்னை ஒரு தடவை, மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். “நன்னாயிருக்கு, நீங்க பேசறது” என்று விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டாள்.

மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. தோட்டத்துக்குள் இறங்கினார். கத்திரிச்செடிகளின் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அவரைக் கொடியைத் தூக்கிப் பார்த்தார். கறிவேப்பிலையின் தண்டை நகத்தால் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தார். பாஜிக்காரனின் கீரையைக்கூட அவர் அவ்வளவு சந்தேகத்தோடு சோதித்ததில்லை. எங்கேயோ ஒரு வாட்டம் அகப்பட்டே தீரவேண்டும் என்பது போல மூலைமூலையாகத் தேடினார். “ஒண்ணும் ஆகலையே” என்றார். மறுபடியும் குனிந்து பார்த்து, “ஒண்ணுமே ஆகலையே” என்றார்.

“நான் பொட்டியைக் கட்டட்டுமா?” என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். குரல்தான் அழுகையாக வந்தது.

“எதுக்கு?”

“பங்குனி வரைக்கும் பாப்போம்னு நீங்கதானே சொன்னேள். நான் தூங்கலை அன்னிக்கு.”

மாமியார் மல்லிகைக் கொடியின் கீழே மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நீ எங்கேயும் போகவேண்டாம்” என்றார். “ஒரு தடவை என்னைக் கொண்டு விட்டா. அது போதும்.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். இத்தனை வருஷமாக வாய் திறந்து பேசாததை, மண் ஒட்டின விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் புக்காத்துக்கு வந்த புதுசு. எங்க மாமியாரோட ஜாதிமல்லிக் கொடி ஒரு கோடையில பட்டுப்போச்சு. நான் தீட்டோட தொட்டுட்டேன்னு சொல்லிட்டா. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டா. தொடலைன்னு அழுதேன். யாரும் நம்பலை. பொறந்தாத்துல கொண்டு விட்டுட்டுப் போயிட்டா. திரும்பிக் கூப்பிட ஒரு வருஷம் ஆச்சு.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடக்கூடாத நாள்தான். தோளில் கை வைத்தேன். அவர் விலகவில்லை.

“நீங்க தொட்டிருக்க மாட்டேள்மா” என்றேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். “எனக்கே தெரியலையே. தூக்கத்துல கை பட்டிருக்குமோ, புடவைத் தலைப்பு பட்டிருக்குமோன்னு இத்தனை வருஷமா நான் என்னையேதான் சந்தேகப்பட்டுண்டு இருக்கேன்.”